கையில் விழுந்த ஒரு துளி

பவானி. காவிரி ஆறும் பவானி ஆறும் ஒன்று கூடும் ஊர்.

ஊரை அடுத்துக் காளிங்கராயன் வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்கால் பாயும் இடமெல்லாம் பச்சைப் பசேல் என்ற வயல்கள். மஞ்சள், நெல், கரும்பு, வாழை!

விடிந்தும் விடியாத நேரம். தண்ணீர் பாய்ச்ச வெறுங்காலோடு வயலில் இறங்குகிறார் ஒரு விவசாயி. கால் விரல்களின் இடுக்கில் லேசாக அரிப்பு எடுக்கிறது. சேறு பட்டதால் வந்த அரிப்பு என்று நினைக்கிறார். இரண்டு தடவை சொறிந்துவிட்டு வேலையைப் பார்க்கிறார். நாலைந்து நாளில் அந்த அரிப்பையே மறந்துவிடுகிறார்.

மாதங்கள் ஓடுகின்றன. அவர் முகம் வெளுக்கிறது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. மண்வெட்டியைத் தூக்க முடியவில்லை. மர நிழலைக் கண்டால் உட்காரத் தோன்றுகிறது. முன்பு ஓடி ஓடி உழைத்த ஆளுக்குச் சோம்பேறி என்று பெயர் வந்துவிடுகிறது!

அன்று காலில் எடுத்த அரிப்புக்கும், இன்று முகத்தில் தெரியும் வெளுப்புக்கும் சம்பந்தம் உண்டா?

சில சமயம் உண்டு. அந்தச் சம்பந்தத்தை உலகத்துக்கு முதல்முதலாக எடுத்துக் காட்டியவர் ஒரு ஜெர்மன் விஞ்ஞானி. அதைக் கண்டுபிடிக்க அவர் பணயம் வைத்தது எதை தெரியுமா? தன் சொந்த உடம்பை!

அவர் பெயர் ஆர்தர் லோஸ்.

புழுவைத் தேடிய மாணவர்

லோஸ் 1861-ம் ஆண்டு ஜெர்மனியில் கெம்னிட்ஸ் என்ற ஊரில் பிறந்தார். லைப்சிக் நகரில் படித்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் ருடால்ப் லாய்க்கார்ட். மனிதர் உடம்பிலும் மிருகங்கள் உடம்பிலும் புகுந்து வாழும் புழுக்களைப் பற்றிய ஆராய்ச்சியில், அந்தக் காலத்தில் அவருக்கு இணையானவர்கள் மிகச் சிலரே.

குருவுக்கு ஏற்ற சீடர் ஆனார் லோஸ். மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தால் நேரம் போவது அவருக்குத் தெரியாது. கண்ணால் கண்டதை அப்படியே கையால் வரைந்துவிடுவார். ஒரு மயிரிழை தவறாது.

1890-களில் அவர் எகிப்து நாட்டுக்குப் போனார். அங்கே குடியானவர்களை ஒரு விசித்திர நோய் வாட்டிக்கொண்டு இருந்தது. அவர்கள் சிறுநீர் கழித்தால் ரத்தம் வந்தது. இந்த நோய்க்குக் காரணமான புழுவை, தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர் 1851-ம் ஆண்டிலேயே கெய்ரோ நகரில் கண்டுபிடித்து இருந்தார். அவர் பெயரால் அந்த நோய்க்கும் பில்ஹார்சியா என்றே பெயர் வந்தது. ஆனால் புழு எப்படி உடம்புக்குள் நுழைகிறது என்பது மட்டும் யாருக்கும் விளங்கவில்லை.

அந்த மர்மத்தை விடுவிக்கத்தான் லோஸ் போனார். ஆனால் அவருக்குப் புகழ் தேடித் தந்தது அந்தப் புழு அல்ல. வேறு ஒரு புழு!

ரத்தம் குடிக்கும் கொக்கி

அதன் பெயர் கொக்கிப்புழு. வளர்ந்த புழுவின் நீளம் சுமார் ஒரு சென்டிமீட்டர். நூல் துண்டு மாதிரி இருக்கும். தலைப்பக்கம் கொக்கி போல வளைந்து இருப்பதால் இந்தப் பெயர்.

இது மனிதனின் சிறுகுடலில் குடியிருக்கும். குடலின் உள்சுவரை வாயால் கவ்விக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும்.

1838-ல் இத்தாலியில் மிலான் நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு குடியானவப் பெண் இறந்துபோனாள். ஆஞ்செலோ டுபீனி என்ற டாக்டர் பிரேதப் பரிசோதனை செய்தார். அப்போதுதான் இந்தப் புழு முதல்முதலாக டாக்டர்களின் கண்ணில் பட்டது. 1850-களில் கெய்ரோவில் கிரீசிங்கர் என்ற டாக்டர், சோகை பிடித்து இறந்த ஒரு போர் வீரனின் குடலில் ஆயிரக்கணக்கில் இந்தப் புழுக்களைக் கண்டார். எகிப்தியரை வெளுக்க வைத்த சோகைக்கு இதுவே காரணம் என்றார்.

பிறகு ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்டு ரெயில் சுரங்கம் போட்டார்கள். 1872 முதல் 1882 வரை நடந்த வேலை அது. உள்ளே வெப்பம், ஈரம், இருட்டு. கழிப்பிட வசதி கிடையாது. கூலி ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வெளுத்துப்போய் விழுந்தார்கள். பரிசோதித்துப் பார்த்தால், அவர்கள் வயிற்றிலும் கொக்கிப்புழு!

புழு தெரிந்தது. நோய் தெரிந்தது. வாசல்தான் தெரியவில்லை. அழுக்குத் தண்ணீரோடும், மண் ஒட்டிய உணவோடும் வாய் வழியாகவே புழு உள்ளே போகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். லோசும் அப்படித்தான் நம்பினார்.

அந்தத் துளி!

கெய்ரோவில் ஆராய்ச்சிக் கூடம். லோஸ் ஒரு சோதனையில் ஈடுபட்டு இருந்தார். கொக்கிப்புழுவின் குஞ்சுகள் நிறைந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு கினிப்பன்றியின் வாயில் விட்டார்.

ஒரு துளி தவறித் தன் கையில் விழுந்துவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் உடனே துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்து இருப்பார்கள். லோஸ் துடைக்கவில்லை. துளி விழுந்த இடம் எரிந்தது. சற்று நேரத்தில் சிவந்துவிட்டது. இது ஏன் என்று யோசித்தார்.

இன்னொரு துளியை எடுத்தார். இந்தத் தடவை வேண்டும் என்றே கையில் விட்டார்! அதே எரிச்சல். அதே சிவப்பு.

சிறிது நேரம் கழித்துக் கையில் எஞ்சி இருந்த ஈரத்தைக் கத்தியால் மெல்லச் சுரண்டி எடுத்தார். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பார்த்தவர் திகைத்துப் போனார்.

துளியில் நெளிந்துகொண்டு இருந்த குஞ்சுகளில் பெரும்பாலானவற்றைக் காணோம்! பாம்பு உரித்த சட்டை போல, அவை கழற்றிப் போட்ட வெறும் தோல்கள் மட்டுமே கிடந்தன. சட்டையைக் கழற்றிவிட்டுக் குஞ்சுகள் எங்கே போயின?

அவருடைய கைக்குள்ளேதான்!

லோஸ் பயப்படவில்லை. வைத்தியமும் செய்துகொள்ளவில்லை. பொறுமையாகக் காத்து இருந்தார். தன் மலத்தைத் தானே பரிசோதித்து வந்தார். இரண்டு மூன்று மாதங்களில் அதில் கொக்கிப்புழுவின் முட்டைகள் தென்பட்டன. கையில் நுழைந்த புழு, குடலுக்குப் போய்க் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டது!

1898-ல் லோஸ் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டார்.

நம்ப மறுத்தார்கள்

கொக்கிப்புழு தோல் வழியாக நுழைகிறது என்றதும் பல விஞ்ஞானிகள் தலையை ஆட்டினார்கள். ஆமாம் என்று அல்ல; இல்லை என்று!

முழுத் தோலில் ஓட்டையே இல்லாதபோது புழு எப்படி நுழையும் என்று கேட்டார்கள். பகல் முழுவதும் புழுக்களோடு புழங்குகிற மனிதர் தெரியாமல் ஒன்றிரண்டை விழுங்கி இருப்பார் என்றார்கள். தாங்களும் செய்து பார்த்ததாகவும், ஒன்றும் நடக்கவில்லை என்றும் சிலர் சொன்னார்கள்.

அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒருவர் கையில் நடந்ததை வைத்து உலகம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளாது. லோசுக்கு இது தெரியும். ஆகையால் கோபித்துக்கொள்ளவில்லை. மேலும் மேலும் சாட்சிகளைத் தேடினார்.

கெய்ரோவில் ஒரு சிறுவனின் காலை எடுத்தாக வேண்டிய நிலை. ஆபரேஷனுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னதாக, வெட்டி எடுக்கப்போகிற அந்தக் காலின் தோலில் புழுக் குஞ்சுகளை விட்டார் லோஸ். கால் எடுக்கப்பட்ட பிறகு அந்தத் தோலை மெல்லிய சீவல்களாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தோலுக்கு உள்ளே, ரோமக் கால்களை ஒட்டிப் புழுக் குஞ்சுகள் இருந்தன! இன்று இப்படி ஒரு சோதனையை அவ்வளவு சுலபமாகச் செய்துவிட முடியாது. கடுமையான விதிகள் உண்டு.

அடுத்து, புழு போகும் வழியை நாய்களை வைத்துப் படிப்படியாகக் கண்டுபிடித்தார். அது ஒரு நீண்ட யாத்திரை!

தோலுக்குள் நுழைந்த குஞ்சு ரத்தக் குழாயில் ஏறுகிறது. ரத்த ஓட்டத்தோடு இருதயத்துக்குப் போகிறது. அங்கிருந்து நுரையீரல். நுரையீரலில் இருந்து மூச்சுக் குழாய் வழியாக மேலே ஏறித் தொண்டைக்கு வருகிறது. எச்சிலோடு விழுங்கப்பட்டு வயிற்றுக்குப் போய்க் கடைசியில் குடலைப் பிடிக்கிறது. காலில் ஏறிய திருடன், வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்துகொள்வது மாதிரி!

1904-ல் ஷாவுடின் என்ற ஜெர்மன் விஞ்ஞானி குரங்கை வைத்துச் சோதித்தார். லோஸ் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார்.

அதற்கு முன்பே இந்தியாவில் இருந்து ஒரு சாட்சி வந்துவிட்டது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் கூலி ஆட்களின் பாதங்களில் மழைக்காலத்தில் அரிப்புப் புண் வரும். பென்ட்லி என்ற டாக்டர் அதை ஆராய்ந்தார். மண்ணில் உள்ள கொக்கிப்புழுக் குஞ்சுகள் தோலில் நுழைவதால் வரும் புண் அது என்று 1902-ல் எழுதினார்.

எதிர்த்தவர்கள் வாய் அடைத்தது. லோஸ் தன் ஆராய்ச்சி முழுவதையும் 1905-லும் 1911-லும் இரண்டு பாகமாக வெளியிட்டார். 600 பக்கங்களுக்கு மேற்பட்ட பெரும் புத்தகம். அதில் உள்ள படங்களைக் கண்டு உலகமே வியந்தது.

சோம்பேறிகள் அல்ல!

இந்தக் கண்டுபிடிப்பால் யாருக்கு என்ன லாபம்?

முதல் லாபம், ஏழைகளுக்கு. எகிப்தில் குடியானவன் சோம்பேறி என்றார்கள். அமெரிக்காவின் தென் பகுதியில் ஏழை மக்களைச் சோம்பேறிகள் என்று ஏசினார்கள். தோட்டத் தொழிலாளர் எங்கெல்லாம் போனார்களோ, அங்கெல்லாம் அவர்களுக்கும் இதே பழி. 1902-ல் அமெரிக்காவில் ஸ்டைல்ஸ் என்ற விஞ்ஞானி கொக்கிப்புழுவில் இன்னொரு ஜாதியைக் கண்டுபிடித்தார். நெக்கேட்டர் என்று பெயர். தென்னிந்தியாவில் அதிகமாகக் காணப்படுவதும் இதுவே. அப்போது அமெரிக்கப் பத்திரிகைகள் இந்தப் புழுவுக்குச் சோம்பேறித்தனத்தின் கிருமி என்றே பட்டம் சூட்டின.

உண்மையில் அந்த மக்கள் சோம்பேறிகள் அல்ல. ரத்தத்தைப் பறிகொடுத்தவர்கள்!

டுபீனி கண்ட பழைய ஜாதிப் புழு ஒன்று, ஒரு நாளில் சுமார் 0.2 மில்லி லிட்டர் ரத்தத்தை வீணாக்கும். நூறு புழு இருந்தால் நாள் ஒன்றுக்கு 20 மில்லி லிட்டர் போய்விடும்! நெக்கேட்டர் அவ்வளவு கொடியது அல்ல; ஒரு புழுவுக்கு 0.03 மில்லி லிட்டர் அளவில்தான். ஆனால் அது பல ஆண்டுகள் குடலிலேயே தங்கிவிடும். சொட்டுச் சொட்டாகக் குடம் காலியாவது போல உடம்பில் உள்ள இரும்புச் சத்து காலியாகும். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் இது அதிகமாக வாட்டும். குழந்தை சரியாக வளராது. பாடத்தில் மனம் செல்லாது.

புழுவின் வாசல் பாதம் என்று தெரிந்ததும் வைத்தியத்தின் வழியே மாறிவிட்டது. மருந்து மட்டும் போதாது. மண் அசுத்தமாகாமல் பார்க்க வேண்டும் என்பது விளங்கியது. அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனம் நாடு நாடாகப் போய்க் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையில் இறங்கியது. 1916-ல் இலங்கையில், ஏராளமான தமிழர்கள் வேலை செய்த தோட்டங்களில் அந்த வேலை நடந்தது. 1920-களில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

பாதத்தைத் திறந்த சாவி

லோஸ் புழு நுழைவதைக் கண்டார். ஆனால் ஒரு கேள்விக்கு அவர் காலத்தில் முழு விடை கிடைக்கவில்லை. அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம் உள்ள அந்தப் பூச்சிக்குப் பல்லும் இல்லை, நகமும் இல்லை. அது எப்படித் தோலைத் துளைக்கிறது?

விடை நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது!

ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் பெண்கள் என்ன செய்கிறார்கள்? குழம்பில் ஒரு துண்டு பப்பாளிக் காயைப் போடுகிறார்கள். கறி பஞ்சு போல வெந்துவிடுகிறது. காரணம், பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன் என்ற பொருள். கறி என்பது புரதம். பப்பைன் அந்தப் புரதத்தை வெட்டித் துண்டு துண்டாக்கிவிடும். இந்த மாதிரிப் பொருளுக்கு நொதி என்று பெயர். புரதத்தை வெட்டுகிற இந்த வகை நொதி, கண்ணுக்குத் தெரியாத கத்தரிக்கோல். இந்தப் பப்பாளிப் பால் எடுக்க ஏற்ற கோ-2, கோ-5 போன்ற ரகங்களைக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உண்டாக்கித் தந்திருக்கிறது.

நம் தோலும் பெரும்பாலும் புரதத்தால் ஆனதே. செங்கல்லை அடுக்கிச் சாந்து பூசிய சுவர் மாதிரி, தோலின் அடுக்குகளைப் புரத நார்கள் கட்டிப் பிடித்து இருக்கின்றன. கொக்கிப்புழுக் குஞ்சு தோலில் பட்டதும் இப்படிப்பட்ட நொதிகளைக் கசியவிடுகிறது. நார்கள் அறுபடுகின்றன. சாந்து கரைகிறது. சுவரில் வழி பிறக்கிறது! கடப்பாரையால் இடித்து நுழையும் திருடன் அல்ல இவன். சாந்தைக் கரைத்து நுழையும் திருடன்.

லோசின் கையில் அன்று நடந்த வேலையில் இந்தக் கத்தரிக்கோல்களுக்குப் பங்கு உண்டு. அவர் காலமாகிப் பல பத்தாண்டுகள் கழித்தே விஞ்ஞானிகள் இதை விளக்கமாகத் தெரிந்துகொண்டார்கள்.

புழுவிடம் கத்தரிக்கோல் ஒன்று அல்ல, பல உண்டு. குடலுக்குப் போன பிறகு ரத்தத்தைச் செரிப்பதும் இந்த நொதிகள்தான். ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபின் ஒரு புரதம். முதல் நொதி அதைப் பெரிய துண்டுகளாக வெட்டும். அடுத்த நொதி அந்தத் துண்டுகளைச் சிறிதாக்கும். மூன்றாவது நொதி இன்னும் பொடியாக்கும். கரும்பை வெட்டுகிறவர் ஒருவர், கட்டுக் கட்டுகிறவர் ஒருவர், ஆலையில் ஆட்டுகிறவர் ஒருவர் என்பது மாதிரி வரிசையாக வேலை நடக்கிறது!

இன்னொரு தந்திரமும் உண்டு. அந்நியன் நுழைந்ததும் நம் உடம்பு காவல் அணுக்களைக் கூப்பிட ஒரு புரதத்தைத் தூது அனுப்பும். புழு தன் நொதியால் அந்தத் தூதையே நறுக்கிவிடுகிறது. ஆகையால் காவலுக்கு வர வேண்டிய ஆள் குறைந்துபோகிறது.

திருடனின் சாவி கிடைத்துவிட்டால் பூட்டை மாற்றலாம் அல்லவா? விஞ்ஞானிகள் அதைத்தான் செய்து பார்க்கிறார்கள். ரத்தத்தை முதலில் வெட்டும் நொதியை எதிர்த்து நாய்களுக்கு ஒரு தடுப்பு ஊசி போட்டார்கள். புழுக்களும் குறைந்தன, ரத்தச் சேதமும் குறைந்தது. 2005-ல் இது வெளியாயிற்று. பிறகு மனிதருக்கான ஊசியையும் தயாரித்து அமெரிக்காவிலும், ஆப்பிரிக்காவில் உள்ள காபோன் நாட்டிலும் முதற்கட்டச் சோதனைகள் நடத்தினார்கள்.

இங்கிலாந்தில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் இன்னொரு வேடிக்கை. பப்பாளியின் நொதியையே எலிகளின் குடற்புழுக்கள் மீது ஏவினார்கள். அது புழுவின் மேல்தோலை அரித்துவிட்டது! வெட்ட வந்தவனை அவனுடைய ஆயுதத்தாலேயே வெட்டுவது இது. ஆனால் இது ஆராய்ச்சி. வீட்டில் யாரும் பப்பாளிப் பாலைக் குடித்துப் பார்க்கக் கூடாது. வாயையும் வயிற்றையும் புண்ணாக்கிவிடும்.

சறுக்கிய யானை

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். லோசுக்கும் சறுக்கியது.

எகிப்துக்கு அவரை வரவழைத்தது பில்ஹார்சியா நோய் அல்லவா? அந்த ஆராய்ச்சியையும் அவர் விடவில்லை. பில்ஹார்சியாப் புழுவின் முட்டை தண்ணீரில் விழும். அதில் இருந்து குஞ்சு வெளிவரும். அந்தக் குஞ்சு பிறகு எங்கே போகிறது?

நத்தைக்குள் போய் வளர்ந்து உருமாறும் என்று சிலர் கருதினார்கள். லோசும் நத்தைகளில் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. உடனே அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நத்தையே தேவை இல்லை. முட்டையில் இருந்து வந்த குஞ்சு கொக்கிப்புழு போலவே நேராக மனிதன் தோலில் நுழைகிறது என்றார்.

கொக்கிப்புழு விஷயத்தில் உலகம் முழுவதும் மறுத்தபோது அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. அந்த வெற்றி அவருக்குப் பெரும் நம்பிக்கையைக் கொடுத்து இருந்தது. ஆகையால் இப்போது மற்றவர்கள் மறுத்தபோதும் அவர் அசையவில்லை. அவருடைய பெயருக்கு இருந்த மதிப்பால் பலர் அதையே நம்பினார்கள்.

1913-ல் ஜப்பானில் மியாய்ரி, சுசுகி என்ற இருவர் தங்கள் நாட்டில் உள்ள அதே இனப் புழு நத்தைக்குள் வளர்வதைக் கண்டுபிடித்தார்கள்.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. எகிப்து பிரிட்டிஷார் பிடியில் இருந்தது. ஜெர்மானியரான லோசுக்கு அங்கே இடம் இல்லாமல் போயிற்று. எத்தனையோ ஆண்டுகள் பாடுபட்ட ஆராய்ச்சிக் கூடம் அவர் கையை விட்டுப் போனது.

மறு ஆண்டே, 1915-ல், லெய்ப்பர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி அதே கெய்ரோவுக்கு வந்தார். நகரத்துக்கு அருகில் இருந்த ஒரு கிராமத்தில் வாய்க்கால் நத்தைகளைப் பிடித்து ஆராய்ந்தார். பில்ஹார்சியாப் புழு நத்தையில் வளர்ந்து, தண்ணீரில் வெளிவந்து, பிறகுதான் மனிதன் தோலில் நுழைகிறது என்று காட்டிவிட்டார்.

தோல் வழியாக நுழைகிறது என்றது சரி. நத்தை வேண்டாம் என்றது தவறு. லோஸ் சொன்னதில் பாதி நின்றது, பாதி விழுந்தது.

இதில் ஒரு வேடிக்கை! பில்ஹார்சியாக் குஞ்சும் தோலைத் துளைப்பது எதனால் தெரியுமா? புரதத்தை வெட்டும் நொதியால்தான். அந்தத் திருடனிடமும் அதே மாதிரிச் சாவி!

லோஸ் தன் கடைசி ஆண்டுகளை ஜெர்மனியில் கழித்தார். 1923-ம் ஆண்டு காலமானார். அப்போது அவருக்கு வயது 62.

செருப்பும் கழிப்பிடமும்

நத்தை விஷயத்தில் லோஸ் தோற்றது உண்மை. அதனால் அவர் பெருமை குறைந்துவிடவில்லை. கோடிக்கணக்கான மக்களின் கால்களைக் காப்பாற்றும் வழியை முதலில் காட்டியவர் அவர்தான்.

அந்த வழி மிகவும் சுலபமானது.

கொக்கிப்புழு இருக்கிறவர் வெளியில் மலம் கழித்தால் முட்டைகள் மண்ணில் விழும். பெண் புழு ஒன்று தினமும் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். ஈரமும் நிழலும் இளஞ்சூடும் உள்ள மண்ணில் முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். ஐந்து முதல் பத்து நாளில் குஞ்சு தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். பிறகு வெறுங்கால் எப்போது வரும் என்று காத்து இருக்கும்.

ஆகையால் மலம் மண்ணில் விழக் கூடாது. அதற்குக் கழிப்பிடம். கால் மண்ணில் படக் கூடாது. அதற்குச் செருப்பு. இந்த இரண்டும் பூட்டுகள்.

ஏற்கெனவே நுழைந்துவிட்ட புழுவை விரட்ட மாத்திரை இருக்கிறது. அல்பெண்டசோல் என்று பெயர். 2015-ல் இந்திய அரசு தேசியக் குடற்புழு நீக்க நாளைத் தொடங்கியது. ஒரு வயது முதல் 19 வயது வரை உள்ள குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் இந்த மாத்திரை இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. பிள்ளை மாத்திரைக்குப் பயந்து அழுதால் பெற்றோர் தடுக்கக் கூடாது. சோகை கண்டவர்கள் டாக்டரிடம் காட்டி, இரும்புச் சத்து மாத்திரையும் சாப்பிட வேண்டும். வெளுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. எது என்று டாக்டர் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

இவ்வளவு வழி இருந்தும் புழு ஒழிந்துவிட்டதா? இல்லை. 2010-ம் ஆண்டுக் கணக்கின்படி உலகத்தில் சுமார் 44 கோடிப் பேர் வயிற்றில் கொக்கிப்புழு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். வெறுங்காலோடு மண்ணில் இறங்கி உழைப்பவர்கள்.

லோசின் வாழ்க்கையில் இரண்டு காட்சிகள் மறக்க முடியாதவை. ஒன்று, கையில் விழுந்த துளியைத் துடைக்காமல் அவர் உற்றுப் பார்த்தது. மற்றொன்று, நத்தை விஷயத்தில் தன் முடிவை மறுபடி உற்றுப் பார்க்காமல் போனது. பார்த்தபோது ஜெயித்தார். பார்க்க மறந்தபோது தோற்றார்.

பவானிக் கரையில் வெறுங்காலோடு வயலில் இறங்கும் விவசாயியும், பாத அரிப்பை வெறும் சேறு என்று தள்ளிவிடாமல் ஒரு தடவை உற்றுப் பார்த்தால் போதும். முகம் வெளுத்து, மூச்சு வாங்கி உட்கார்ந்தவரைச் சோம்பேறி என்று ஏசாமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனால் போதும்.

அன்று கெய்ரோவில் ஒரு மனிதரின் கையில் எரிந்த எரிச்சல் வீண் போகாது.